ஓடினால் ஒரு திரவம், நின்றால் வேறொரு திரவம்

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டைச் சுற்றியுள்ள பெட்டிக்கடைகளில் ஷாம்பு பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்குகின்றன. இந்தச் சரத்தின் பூர்வீகம் வெகு தூரத்தில் இல்லை. தெற்கே சுமார் ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கும் கடலூரில்தான், பாட்டிலாக வாங்க வசதியில்லாதவர்களுக்கும் பொருள் போய்ச் சேர வேண்டும் என்று சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கும் யோசனையைச் சின்னி கிருஷ்ணன் வளர்த்தெடுத்தார். அவருடைய பிள்ளைகள் அதே வழியில் 'வெல்வெட்' ஷாம்புவைப் பாக்கெட்டில் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களில் ஒருவரான சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாய் முதலீட்டில் தனியே ஒரு நிறுவனம் தொடங்கினார். 'சிக்' ஷாம்புவால் வளர்ந்த அந்த நிறுவனம் 1998-ல் 'கெவின்கேர்' என்று பெயர் மாற்றிக்கொண்டது.

இந்த வியாபாரக் கதை பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. பாக்கெட்டுக்குள் இருக்கும் திரவத்தின் கதையை அவ்வளவாக யாரும் சொன்னதில்லை.

ஓரத்தைக் கிழித்து அமுக்கினால், அந்தச் சிறு வாய் வழியே ஷாம்பு வழுக்கிக்கொண்டு வருகிறது. உள்ளங்கையில் விழுந்ததும் ஓடாமல் திரண்டு நிற்கிறது. மெதுவாகத் தள்ளினாலும் வேகமாகத் தள்ளினாலும் தேனின் பாகுத்தன்மை ஏறக்குறைய ஒன்றுதான். ஷாம்புவோ தள்ளத் தள்ள இளகுகிறது, விட்டால் மீண்டும் இறுகுகிறது. இதற்காக அதில் பிசின் எதுவும் கரைத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. பல ஷாம்புகளில் இந்த வேலையைச் செய்வது, பாக்கெட்டின் பின்புறம் பொடி எழுத்தில் இருக்கும் 'சோடியம் குளோரைடு', அதாவது சமையல் உப்பு. உப்பு போட்டால் சோப்புநீர் ஏன் கெட்டியாகிறது, கெட்டியானது ஓடும்போது ஏன் இளகுகிறது என்ற கேள்விகள் உலகின் பல ஆய்வகங்களை அரை நூற்றாண்டாக வேலை வாங்கி வருகின்றன.

கூடிக் கலையும் கூட்டம்

சோப்பு, ஷாம்பு, பாத்திரம் துலக்கும் லிக்விட் ஆகிய எல்லாவற்றிலும் அழுக்கை எடுப்பது ஒரே வகை மூலக்கூறுதான். வேதியியலார் அதை 'சர்ஃபாக்டன்ட்' என்பார்கள். அதன் ஒரு முனை தண்ணீரை விரும்பும் தலை. மறுமுனை தண்ணீரைத் தவிர்த்து எண்ணெயோடு சேரும் நீண்ட வால். சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் இருக்கும் சப்போனின்களுக்கும் இதே குணம் உண்டு.

தண்ணீரில் கொஞ்சமாகக் கரைத்தால் இந்த மூலக்கூறுகள் தனித்தனியே திரியும். அளவு ஒரு வரம்பைத் தாண்டியதும், வால்களை உள்ளே மறைத்துத் தலைகளை வெளியே காட்டியபடி கொத்துக் கொத்தாகக் கூடிக்கொள்ளும். அந்தக் கொத்தின் பெயர் மிசெல். பல பற்பசைகளில் இருக்கும் சோடியம் லாரில் சல்பேட்டை எடுத்துக்கொண்டால், அந்த வரம்பு லிட்டருக்கு ஏறத்தாழ 2.3 கிராம். ஒரு மிசெலில் சுமார் 60 மூலக்கூறுகள் இருக்கும். அதன் குறுக்களவு சுமார் 4 நானோமீட்டர்: ஒரு மில்லிமீட்டரை இரண்டரை லட்சமாகப் பங்கிட்டால் ஒரு பங்கு.

சோப்புக் கரைசலில் இப்படிப்பட்ட கூட்டங்கள் உண்டு என்று பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் மெக்பெய்ன் 1913-ல் சொன்னபோது அது எளிதில் ஏற்கப்படவில்லை. 1936-ல் ஹார்ட்லி என்ற ஆங்கிலேய வேதியியலாளர் கோள வடிவ மிசெலின் படத்தைத் தெளிவாக வரைந்து காட்டினார். இன்றும் பள்ளிப் பாடநூலில் வாலை உள்ளே மடக்கிய வட்டமாகவே மிசெல் வருகிறது.

அந்தப் படத்தில் விடுபட்ட ஒரு விஷயம் உண்டு. மிசெல் கட்டி முடித்த பொருள் அல்ல. அதன் மூலக்கூறுகளைச் சேர்த்துப் பிடித்திருப்பது வேதிப்பிணைப்பு இல்லை. தண்ணீரிடமிருந்து வாலை மறைக்கும் தேவை மட்டுமே. அதனால் மைக்ரோ நொடிகளில் ஒரு மூலக்கூறு வெளியேறும், வேறொன்று உள்ளே வரும். மில்லி நொடியிலிருந்து சில நொடிகளுக்குள் முழு மிசெலே கலைந்து இன்னொன்று உருவாகும். எப்போதும் இப்படிக் கலைந்து கூடிக்கொண்டிருப்பதால்தான், திரவத்தின் ஓட்டம் அதன் உருவத்தில் கை வைக்க முடிகிறது.

உப்பின் வேலை

சிறு அளவில் சோப் ஆயிலும் லிக்விடும் தயாரிப்பவர்களுக்கு மிசெல் என்ற சொல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. உப்பின் வேலை தெரியும். கடையில் ஆசிட் சிலரி, எஸ்.எல்.இ.எஸ். பேஸ்ட் போன்ற சர்ஃபாக்டன்டுகளை வாங்கித் தண்ணீரில் கரைத்து, கடைசியில் உப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்குவார்கள். தண்ணீர் போலிருந்த கலவை சட்டென்று கெட்டிப்படும். ஆசை அதிகமாகி இன்னும் உப்பு போட்டால், கெட்டிப்பட்டது மறுபடியும் நீர்த்துவிடும். தொழிற்சாலைகளில் இதையே வரைபடமாகப் போட்டு வைத்திருப்பார்கள்: உப்பு ஏற ஏறப் பாகுத்தன்மை மலை போல ஏறி, உச்சி தொட்டு, இறங்கும்.

காரணம் மிசெலின் வடிவத்தில் இருக்கிறது. ஷாம்புவின் சர்ஃபாக்டன்ட் தலைகள் எதிர்மின்னூட்டம் கொண்டவை, ஒன்றையொன்று விலக்குகின்றன. விலகி நிற்க இடம் வேண்டும் என்பதால் கோள வடிவமே அவற்றுக்கு வசதி. உப்பிலிருந்து வரும் சோடியம் அயனிகள் தலைகளுக்கு நடுவே புகுந்து அந்த விலக்கத்தைத் தணிக்கின்றன. தலைகள் நெருங்கி நிற்க முடிந்ததும் கோளம் நீண்டு உருளையாகிறது, உருளை மேலும் நீண்டு புழுவாகிறது. தடிமன் அதே நான்கைந்து நானோமீட்டர். நீளம் மட்டும் ஆயிரம் நானோமீட்டரையும் தாண்டக்கூடும். தலைக்குத் தேவையான இடத்தையும் வாலின் பருமனையும் வைத்து எந்த மூலக்கூறு எந்த வடிவத்தில் கூடும் என்று கணிக்கும் வழியை இஸ்ரேலாக்விலி, மிட்செல், நின்ஹாம் ஆகிய மூவர் 1976-ல் வகுத்துக் கொடுத்தார்கள்.

நீண்ட புழு மிசெல்கள் ஒன்றோடொன்று பின்னிச் சிக்கிக்கொள்வதுதான் ஷாம்புவின் கெட்டித்தன்மை. உப்பு மிஞ்சும்போது புழுக்கள் கிளைவிடத் தொடங்குகின்றன. கிளை பிரியும் இடம் மிசெலின் உடல் நெடுக நகரக்கூடியது என்பதால், சிக்கல் இருந்தும் இறுக்கம் இல்லாமல் போகிறது, கலவை நீர்க்கிறது.

வடம் பிடித்தபின்

புதுச்சேரியை அடுத்த வில்லியனூரில் திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டத்துக்கு பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஆளுநர் வந்து வடம் பிடிப்பார்; இன்று துணைநிலை ஆளுநர் பிடிக்கிறார். தேர் அசையும்வரை வீதிக் கூட்டம் எல்லாத் திசையிலும் நெருக்கியடித்து நிற்கும். குறுக்கே ஒரு ஆள் நுழைவதே கடினம். வடம் இழுபட்டதும் இழுப்பவர்கள் எல்லோரும் ஒரே திசை பார்த்து நீள வரிசையாகிவிடுவார்கள். வழியெல்லாம் சிலர் கைவிட்டு விலகுவார்கள், புதியவர்கள் வந்து பிடிப்பார்கள். வரிசை நீளும், குறையும், அறுந்து இரண்டாகி மீண்டும் சேரும். புழு மிசெல் கரைசல் ஓடத் தொடங்கும்போது உள்ளே நடப்பது ஏறத்தாழ இதுதான்.

ஓட்டம் என்றால் திரவத்தின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வெவ்வேறு வேகத்தில் சறுக்குவது. பாக்கெட்டின் வாயில், சுவரை ஒட்டிய அடுக்கு ஏறக்குறைய நிற்கிறது. நடு அடுக்கு விரைகிறது. இந்தச் சறுக்கலில் சிக்கிய புழு மிசெல் ஓட்டத்தின் திசையில் திரும்பி நீள்கிறது. அண்டையில் இருப்பவையும் அப்படியே திரும்புவதால் பின்னல் அவிழ்கிறது, ஷாம்பு இளகுகிறது. உள்ளங்கைக்கு வந்து ஓட்டம் நின்றதும் திசை குலைந்து மறுபடியும் பின்னிக்கொள்கிறது.

இந்தப் பின்னல் எவ்வளவு நேரத்தில் தளர்கிறது என்பதற்கு பிரிட்டிஷ் இயற்பியலாளர் மைக்கேல் கேட்ஸ் 1987-ல் ஒரு கணக்கு தந்தார். நீண்ட பாலிமர் சங்கிலி ஒன்று மற்றச் சங்கிலிகளுக்கு நடுவே பாம்புபோல ஊர்ந்துதான் சிக்கலிலிருந்து விடுபட முடியும் என்று, பின்னாளில் 1991-ம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு இயற்பியலாளர் பியர்-ஜில் டி ஜென் முன்னரே காட்டியிருந்தார். புழு மிசெலுக்கு இன்னொரு வழியும் உண்டு: நடுவில் உடைந்து, அண்டைத் துண்டோடு ஒட்டிக்கொள்ளலாம். ஊர்தல், உடைதல் இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்ட கேட்ஸ், வெவ்வேறு நீளமுள்ள எண்ணற்ற மிசெல்கள் இருந்தும் கரைசல் முழுவதும் ஒரே கால அளவில் தளரும் என்று சொன்னார். சோதனைகளும் அதை உறுதிசெய்தன.

இந்தக் கால அளவை வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணாடிபோலத் தெளிந்த, கெட்டியான ஷாம்பு பாட்டிலில் சில காற்றுக் குமிழ்கள் இருக்கட்டும். பாட்டிலைச் சட்டென்று சுழற்றி நிறுத்தினால், பல ஷாம்புகளில் குமிழ்கள் நின்ற இடத்தில் நிற்காமல் சற்றுப் பின்னோக்கி இழுபடும். மிசெல் பின்னல் இன்னும் அவிழாததால் ரப்பரின் குணம் ஒரு கணம் வெளிப்படுகிறது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஷாம்புவைச் சற்று உயரத்திலிருந்து மெல்லிய இழையாக ஊற்றினால், விழுந்த குவியலிலிருந்து ஒரு தாரை சில கணம் எகிறிப் பாயும். ஊற்றும் திரவங்களில் 1963-ல் இதைப் பதிவுசெய்த கே என்பவரின் பெயரால் இது 'கே விளைவு' எனப்படுகிறது. 2006-ல் நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகக் குழு ஷாம்புவை ஊற்றி அதிவேகக் கேமராவில் பிடித்து இதை ஆராய்ந்தது.

இரண்டாகப் பிளவுபடும் கரைசல்

தள்ளும் வேகத்தை மேலும் கூட்டினால் விஷயம் வேறு திசையில் போகிறது. ஜெர்மனியில் ரேகாகே, ஹோஃப்மன் இருவரும் அளந்தபோது, ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குப் பிறகு வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் கரைசல் காட்டும் எதிர்ப்பு கூடவே இல்லை. 1994-ல் பிரான்சின் மோன்பெலியே நகரில் பெரே, ரூ, போர்ட் ஆகியோர் இதை ஒரு நிலைமாற்றமாகவே பார்த்தார்கள்: ஒழுங்கற்றுக் கிடந்த மிசெல்கள், ஓட்டத்தின் நெருக்கடியில் திரவப் படிகத்தைப் போல ஒரே திசையில் அணிவகுக்கின்றன.

ஆனால் எல்லாம் ஒரேயடியாக மாறிவிடுவதில்லை. ஒன்றுக்குள் ஒன்றாக வைத்த இரு உருளைகளுக்கு நடுவே கரைசலை விட்டு ஒன்றைச் சுழற்றினால், அது இரு பட்டைகளாகப் பிரிகிறது. ஒரு பட்டை கெட்டியாக, மெதுவாகச் சறுக்குகிறது. இன்னொன்று இளகி விரைகிறது. சுழற்சியைக் கூட்டினால் விரையும் பட்டை அகலமாகிறதே தவிர எதிர்ப்பு ஏறுவதில்லை. நியூசிலாந்தில் பால் கலகன் குழுவினர் மருத்துவமனை எம்.ஆர்.ஐ. கருவியின் அதே தத்துவத்தைப் பயன்படுத்தி, ஓடும் கரைசலுக்குள் எந்த இடம் என்ன வேகம் என்று படமெடுத்தார்கள். ஒரே பாத்திரத்தில், ஒரே வெப்பநிலையில், ஒரே கலவை இரண்டு திரவங்களாக நடந்துகொள்வதை அந்தப் படங்கள் காட்டின.

நீர்த்த கரைசல்களில் இதற்கு நேர்மாறானதும் நடக்கிறது. தண்ணீர் போல இருக்கும் சில மிசெல் கரைசல்கள் வேகமாகக் கலக்கினால் கெட்டியாகின்றன. ஓட்டம் குட்டை மிசெல்களை ஒன்றோடொன்று மோதவைத்து நீளமாக ஒட்டவைக்கிறது, வலையாகவும் பின்னுகிறது. கலக்குவதை நிறுத்தினால் சிறிது நேரத்தில் பழையபடி தண்ணீர்.

பெங்களூரில் ஒரு ஒழுங்கீனம்

இத்துறையில் இந்தியாவுக்கு ஒரு முக்கியமான இடம் உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ரஞ்சினி பந்தோபாத்யாய், கீதா பசப்பா, ஏ.கே. சூட் மூவரும் சி.டி.ஏ.டி. என்ற சர்ஃபாக்டன்டின் நீர்த்த கரைசலை எடுத்து, பாகுத்தன்மை அளக்கும் கருவியில் மாறாத வேகத்தில் சறுக்கவிட்டார்கள். வேகம் மாறவில்லை என்றால், சற்று நேரம் கழித்து எதிர்ப்பும் ஒரு எண்ணில் நிலைக்க வேண்டும். நிலைக்கவில்லை. ஏறியது, இறங்கியது, மீண்டும் வேறு அளவில் ஏறியது.

கருவிக் கோளாறு என்றோ வெறும் இரைச்சல் என்றோ ஒதுக்கிவிடக்கூடிய தாறுமாறு அது. அவர்கள் அந்த ஏற்ற இறக்கத்தைக் கணித முறையில் அலசினார்கள். உள்ளே ஒரு விதி இருந்தது. ஆனால் தொடக்கத்தில் உள்ள இம்மியளவு வேறுபாடும் சற்று நேரத்தில் பெரிதாகிவிடும் வகையான விதி. வானிலையை நெடுநாளுக்கு முன்கூட்டிச் சொல்ல முடியாமல் செய்யும் அதே கேயாஸ்தான் அது. 2000-ம் ஆண்டு 'பிசிக்கல் ரிவியூ லெட்டர்ஸ்' இதழில் முடிவு வெளியானது. 2006-ல் அதே இதழில் ராஜேஷ் கணபதியும் சூடும், அமைதியான ஓட்டம் எந்த வழியாக இந்த ஒழுங்கீனத்துக்குள் நுழைகிறது என்று காட்டினார்கள்.

சாதாரணத் தண்ணீர் கொந்தளிக்க மிக வேகமாக ஓட வேண்டும். இங்கே ஓட்டம் மெதுவானது. கொந்தளிப்பைத் தருவது வேகம் அல்ல. ஓட்டம் மிசெல்லை மாற்றுகிறது, மாறிய மிசெல் ஓட்டத்தை மாற்றுகிறது, அது திரும்ப மிசெல்லை மாற்றுகிறது. இந்தச் சுற்று எங்கும் முடிவதில்லை. ரஞ்சினி பந்தோபாத்யாய் இப்போது பெங்களூரு ராமன் ஆராய்ச்சிக் கழகத்தில் பேராசிரியர். சூட் 2022-ல் இந்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகரானார்.

இவ்வளவு சிறிய பொருளின் வடிவத்தை எப்படி அறிகிறார்கள் என்று கேட்கலாம். ஒரு வழி, நியூட்ரான்களைப் பாய்ச்சி அவை சிதறும் கோணங்களை அளப்பது. கோள மிசெல் எல்லாப் பக்கமும் சமமாகச் சிதறவைக்கும். ஓட்டத்தில் அணிவகுத்த புழுக்கள் ஒரு திசையில் மட்டும் பிரகாசமான தடம் விடும். இந்தியாவில் மும்பை டிராம்பேயில், 1985-ல் இயங்கத் தொடங்கிய துருவா அணுஉலையில் இதற்கான கருவி உள்ளது. மிசெல்களின் அளவையும் வடிவத்தையும் பற்றிய ஏராளமான இந்திய ஆய்வுகள் அங்கிருந்து வந்தவை.

குழாய்க்குள் சேமிப்பு

இதற்கெல்லாம் பயன் என்ன? பெரும் பயன்களில் ஒன்று தற்செயலாகக் கிடைத்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் கரோல் மைசெல்ஸ், அலுமினிய சோப்பு சேர்த்துக் கெட்டிப்படுத்திய பெட்ரோல், சேர்க்காத பெட்ரோலைவிடக் குறைந்த அழுத்தத்தில் குழாயில் ஓடுவதைக் கவனித்தார். 1949-ல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார்.

குழாயில் வேகமாக ஓடும் தண்ணீர் சுழிகளில்தான் பெரும்பாலான சக்தியை வீணாக்குகிறது. தண்ணீரில் மிகச் சிறிய அளவு சர்ஃபாக்டன்டும் தக்க உப்பும் கலந்தால், ஓட்டமே உருவாக்கும் புழு மிசெல்கள் அந்தச் சுழிகளை அடக்கிவிடுகின்றன. உராய்வு 70 சதவீதம், சில வேளைகளில் அதற்கும் மேல் குறைவது ஆய்வகங்களில் பதிவாகியுள்ளது. டென்மார்க்கின் ஹெர்னிங் நகரத்தில் வீடுகளுக்குச் சுடுநீர் அனுப்பும் குழாய்த் தொடரில் இதைச் சோதித்தார்கள். ஜப்பானில் பெரிய கட்டடங்களின் ஏ.சி. குழாய்களில் பம்புக்கான மின்சாரத்தை மிச்சப்படுத்தப் பயன்படுத்துகிறார்கள்.

பாலிமர் கலந்தாலும் உராய்வு குறையும். ஆனால் பம்பின் இறக்கைகளில் சிக்கிய பாலிமர் சங்கிலி அறுந்தால் அறுந்ததுதான். மிசெல் அறுந்தாலும் சில நொடியில் கூடிவிடும். அதே தண்ணீரைத் திரும்பத் திரும்பச் சுற்றவிடலாம். இதில் ஒரு இடைஞ்சலும் உண்டு. சுழிகள் அடங்கினால் வெப்பம் பரவுவதும் குறைகிறது. ஏ.சி. குழாயின் வேலையே வெப்பத்தைக் கடத்துவதுதான். ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜாக் சாகின் குழுவினர், வெப்பம் மாறும் இடத்துக்குச் சற்று முன்னால் மட்டும் ஓட்டத்தை முரட்டுத்தனமாகக் கலக்கி மிசெல்களை உடைத்து, தாண்டியதும் கூடவிடும் வழிகளை முயன்று பார்த்தார்கள்.

எண்ணெய்க் கிணற்றுத் தொழிலும் புழு மிசெல்லைப் பிடித்துக்கொண்டது. பாறையைப் பிளக்கும் திரவம் மணலைச் சுமந்து செல்லும் அளவு கெட்டியாக இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் தானாக நீர்த்து வெளியேற வேண்டும். கச்சா எண்ணெய் பட்டதும் புழு மிசெல் சிதைந்து கோளமாகிவிடுவதால் இரண்டுமே நடக்கின்றன. 1990-களின் பிற்பகுதியில் சந்தைக்கு வந்த இத்தகைய திரவங்களில் சில, கடுகு இனத்து எண்ணெயில் கிடைக்கும் எருசிக் அமிலத்தின் நீண்ட வாலைக் கொண்டவை.

ஓட்டம் நின்றதும் மிசெல் பழைய நிலைக்குத் திரும்பும் என்பதும் எப்போதும் சரியல்ல என்று 2010-ல் தெரியவந்தது. ராதாகிருஷ்ண சுரேஷ்குமார், ஏமி ஷென் உள்ளிட்ட குழு அமெரிக்காவில் ஒரு மிசெல் கரைசலை, நுண்ணிய கண்ணாடி மணிகள் அடைத்த சிறு வாய்க்கால் வழியே செலுத்தியது. மணிகளின் இடுக்கில் கரைசல் ஒரே நேரத்தில் நசுங்கவும் இழுபடவும் வேண்டியிருந்தது. மறுபக்கம் வந்தது நிலையான ஜெல். ஓட்டத்தை நிறுத்தியும் அது கலையவில்லை. வேதிப்பொருள் எதையும் கூடுதலாகச் சேர்க்காமல், ஓட்டத்தை மட்டும் வைத்தே புதுப்பொருள் செய்யலாம் என்பது 'நேச்சர் மெட்டீரியல்ஸ்' இதழில் வந்த அந்த ஆய்வின் சாரம்.

ஷாம்பு தயாரிப்பவருக்கு இவை அன்றாடப் பிரச்சினைகள். பாக்கெட் நிரப்பும் இயந்திரத்தின் குழலில் ஷாம்பு வேகமாகப் பாய்கிறது. நிறுத்தும் கணத்தில் நூல் இழுத்து, ஒட்டவேண்டிய விளிம்பில் பட்டால் பாக்கெட் சரியாக ஒட்டாது. இப்போது சல்பேட் இல்லாத ஷாம்பு கேட்கிறார்கள். அவற்றில் போடும் சில சர்ஃபாக்டன்டுகள், குறிப்பாகச் சர்க்கரையிலிருந்து செய்யப்படும் குளுக்கோசைடுகள், மின்னூட்டம் இல்லாதவை. விலக்கமே இல்லாத இடத்தில் உப்புக்கு வேலையில்லை. எவ்வளவு போட்டாலும் எதிர்பார்த்த கெட்டி வராது. அதற்காகச் சாந்தன் கோந்து போன்ற பாலிமர்களைச் சேர்க்கிறார்கள். உடைந்து கூடும் மிசெல்லின் இளக்கமும் அறுந்தால் சேராத பாலிமரின் இளக்கமும் ஒன்றல்ல. பல சிறு கூடங்களில் பாகுத்தன்மை அளக்கும் புரூக்ஃபீல்டு விஸ்கோமீட்டரை ஒரே ஒரு சுழற்சி வேகத்தில் ஓட்டிப் பார்த்துச் சரக்கை அனுப்புகிறார்கள். அந்த ஒற்றை எண்ணில் பழைய கலவையும் புதிய கலவையும் ஒன்றுபோலவே தெரியும். மூன்று நான்கு வேகங்களில் அளந்தால் இரண்டும் வெவ்வேறு கோடுகளாகப் பிரிந்துவிடும். நிரப்பும் குழலில் எது நூல் இழுக்கும், கையில் எது வழிந்தோடும் என்பதை முன்கூட்டிச் சொல்லும் துப்பு அந்தக் கோடுகளில் இருக்கிறது.